ஜப்பானியரின் ஷிந்தோ நெறி

உலகில் வழங்கும் பெருஞ்சமயங்கள் பலவற்றிற்கு அவற்றைத் தோற்றுவித்த சான்றோர் உண்டு. அவற்றின் கொள்கைகளை எடுத்துரைக்கும் மறைநூல்களும் உண்டு. புத்தர் பெருமான் அருளிய அறவுரைகளின் வழியே பௌத்தம் வளர்ந்தது. இயேசுநாதரின் வாழ்வும் வாக்கும் கிறித்தவத்திற்கு அடிப்படையாயின. நபிகள் நாயகத்தின் வாயிலாக இசுலாம் பரவியது. ஆனால், தோற்றுவித்தவர் இன்னார் என்று கூற இயலாததும், எல்லாரும் ஏற்று ஓதும் மறைநூல் இல்லாததுமாகிய ஒரு நெறி ஜப்பான் நாட்டில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகிறது. அதுவே ஷிந்தோ நெறியாகும். நிறுவியவரும் நூலும் இன்றி ஒரு நெறி இத்துணைக் காலம் நிலைத்திருப்பது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண முயல்வோர் ஜப்பானியரின் பண்பாட்டையே ஒருவாறு அறிந்துகொள்ளலாம்.

ஜப்பான், ஆசியாவின் கிழக்கே கடலில் அமைந்த தீவுக் கூட்டம். அதன் நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு மலைப்பாங்கானது. மூன்றில் இரண்டு பங்கு காடு. எரிமலைகள் புகைவதும், நிலம் நடுங்குவதும், சூறாவளி வீசுவதும், கடல் பொங்கிக் கரையேறுவதும் அந்நாட்டில் அரியன அல்ல. அதே இயற்கைதான் வேனிலில் செர்ரி மலர்களைச் சொரிகிறது. கார்காலத்து மழையால் நெல்வயல்களை நிரப்புகிறது. இலையுதிர் காலத்தில் மலைகளைச் செந்நிறமாக்குகிறது. காப்பதும் அழிப்பதும் ஆகிய இருவகை ஆற்றலையும் ஒருங்கே கண்ட மக்கள் இயற்கையின் முன் அஞ்சி நின்றனர், அன்பும் கொண்டனர். அந்த அச்சமும் அன்பும் கலந்த உணர்விலிருந்து முளைத்ததே ஷிந்தோ.

பெயரும் பொருளும்

ஷிந்தோ என்னும் பெயர் சீன எழுத்துகள் இரண்டால் எழுதப்படுவது. முதலெழுத்து தெய்வத்தையும், இரண்டாம் எழுத்து வழியையும் குறிக்கும். ஆகவே, ‘தெய்வங்களின் வழி’ என்பது அதன் பொருளாகும். ஆறாம் நூற்றாண்டில் கொரியாவிலிருந்து பௌத்தம் ஜப்பானுக்கு வந்தது. அதற்குமுன் அந்நாட்டு மக்களுக்குத் தம் வழிபாட்டிற்குத் தனிப்பெயர் வேண்டப்படவில்லை. புதிய சமயம் வந்தபின், பழமையான தம் வழிபாட்டைப் பிரித்துக் கூறுவதற்கு இப்பெயர் வழங்கலாயிற்று.

தெய்வத்தை ஜப்பானியர் ‘கமி’ என்பர். இச்சொல்லுக்கு நேரான பொருள் கூறுதல் எளிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மொத்தோரி நொரினாகா என்னும் பேரறிஞர் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் பழைய நூல்களை ஆராய்ந்து இச்சொல்லை விளக்கினார். இயல்புக்கு மேற்பட்ட ஆற்றலுடையதாய், மனத்தில் வியப்பையும் அச்சத்தையும் எழுப்புவது எதுவாயினும் அது கமியே என்பது அவர் தந்த விளக்கத்தின் கருத்தாகும். அது வானத்துத் தெய்வமாகவும் இருக்கலாம். மலையாகவும், ஆறாகவும், முதிர்ந்த மரமாகவும் இருக்கலாம். மறைந்த மனிதராகவும் இருக்கலாம். நாச்சி என்னும் இடத்தில் 133 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் அருவியே தெய்வமாகத் தொழப்படுகிறது. ‘எண்பது இலட்சம் கமிகள்’ என்பது ஜப்பானியர் வழக்கு. அஃது எண்ணிச் சொன்ன தொகையன்று. எண்ணில் அடங்காதவை என்பதே அதன் கருத்து.

மனிதர் கமியானதற்குச் சுகவாரா நோ மிச்சிசானே என்பவரின் வரலாறு சான்றாகும். கி. பி. 845இல் பிறந்த அவர் கல்வியிற் சிறந்தவர், கவிஞர், தம் புலமையால் அமைச்சர் பதவி வரை உயர்ந்தவர். அவர்பால் பொறாமை கொண்டோர் அரசரிடம் பழி கூறினர். அதன் விளைவாக அவர் 901ஆம் ஆண்டில் தலைநகரிலிருந்து தென்கோடியில் உள்ள தசைபு என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் அங்கேயே உயிர் துறந்தார். பின்னர்த் தலைநகரில் துன்பங்கள் அடுக்கடுக்காய் நேர்ந்தன. பகைவர் சிலர் மாண்டனர். 930இல் அரண்மனையின்மீது இடி விழுந்தது. நல்லவர் ஒருவருக்கு இழைத்த தீங்கின் பயனே இது என்று மக்கள் நடுங்கினர். 947இல் கியோத்தோ நகரின் கிதானோ என்னும் பகுதியில் அவருக்குக் கோயில் எழுந்தது. சினந்த ஆவி என்று முதலில் அஞ்சப்பட்டவர் காலப்போக்கில் கல்விக்குரிய தெய்வமாக மாறினார். இன்றும் தேர்வுக் காலங்களில் மாணவர்கள் அவர் கோயில்களுக்குத் திரளாகச் செல்கின்றனர். சிறு மரப்பலகைகளில் தம் வேண்டுதலை எழுதித் தொங்கவிடுகின்றனர். அவர் விரும்பிய பிளம் மரங்கள் அக்கோயில்களில் பூத்து நிற்கின்றன.

பழங்கதைகள்

ஷிந்தோ நெறிக்கு மறைநூல் இல்லையாயினும் பழங்கதைகளைத் தொகுத்துரைக்கும் நூல்கள் உள. கி. பி. 712இல் எழுதி முடிக்கப்பெற்ற ‘கோஜிகி’யும், 720இல் முடிக்கப்பெற்ற ‘நிஹோன் ஷோகி’யும் அவற்றுள் தலையாயவை. அவற்றில் காணப்படும் இரண்டு கதைகள் ஷிந்தோ வழிபாட்டின் உட்பொருளை விளக்குவனவாக உள்ளன.

இசநாகி என்னும் ஆண்தெய்வமும் இசநாமி என்னும் பெண்தெய்வமும் ஜப்பானியத் தீவுகளைப் படைத்தனர். தீக்கடவுளைப் பெற்றபோது இசநாமி தீயினால் வெந்து மாண்டாள். கணவன் அவளைத் தேடி இருள் நிறைந்த இறந்தோர் உலகிற்குச் சென்றான். அங்கே அழுகிய அவள் உடலைக் கண்டு அஞ்சி ஓடி வந்தான். தன்மீது படிந்த மாசு நீங்க ஆற்றில் இறங்கி நீராடினான். அப்போது அவன் இடக்கண்ணைக் கழுவக் கதிரவன் தெய்வமாகிய அமதெராசு தோன்றினாள். வலக்கண்ணைக் கழுவத் திங்கள் தெய்வம் தோன்றியது. மூக்கைக் கழுவப் புயலின் தெய்வமாகிய சுசனோ தோன்றினான். ஷிந்தோ நெறியில் நீரால் தூய்மை பெறுவதற்கு உள்ள முதன்மை இக்கதையால் விளங்கும்.

சுசனோ அடங்காதவன். அவன் தன் தமக்கையாகிய அமதெராசுவின் வயல் வரப்புகளை உடைத்துப் பல கொடுமைகளைச் செய்தான். அமதெராசு மனம் நொந்து ஒரு குகைக்குள் புகுந்து பாறையால் வாயிலை அடைத்துக்கொண்டாள். உலகம் இருண்டது. தெய்வங்கள் கூடி ஆராய்ந்தன. குகையின் முன் ஒரு மரத்தை நட்டு அதில் மணிகளையும் கண்ணாடியையும் தொங்கவிட்டன. உசுமே என்னும் தெய்வமகள் கவிழ்த்த தொட்டியின்மேல் ஏறி ஆடினாள். அவ்வாட்டத்தைக் கண்டு தெய்வங்கள் எல்லாம் வாய்விட்டுச் சிரித்தன. இருளில் சிரிப்பொலி எழுவது ஏன் என்று அறிய விரும்பி அமதெராசு பாறையைச் சிறிதே விலக்கினாள். கண்ணாடியில் தன் ஒளியைக் கண்டு வியந்து வெளியே எட்டிப் பார்த்தாள். வலிமை மிக்க தெய்வம் ஒன்று அவள் கையைப் பற்றி வெளியே கொணர்ந்தது. மற்றொன்று அவள் மீண்டும் உள்ளே புகாதவாறு குகைவாயிலில் ஒரு புரியைக் கட்டியது. உலகிற்கு ஒளி மீண்டது. கோயில்களில் காணப்படும் கண்ணாடியையும், வைக்கோற் புரியையும், விழாக்களில் நிகழும் ஆடலையும் இக்கதையோடு இணைத்துக் கூறுவர்.

கோயிலும் வழிபாடும்

ஷிந்தோ கோயிலின் எல்லையில் தோரி என்னும் வாயில் நிற்கும். இரண்டு தூண்களும் அவற்றின்மேல் குறுக்காக அமைந்த இரண்டு விட்டங்களுமே தோரியாகும். அதற்குக் கதவு இல்லை; எவரையும் அது தடுப்பதில்லை. ஆயினும் அதனுள் நுழைவோர் நின்று தலை வணங்கியே செல்வர். உலகியல் இடம் முடிந்து தெய்வத்தின் இடம் தொடங்குவதை அஃது உணர்த்துகிறது.

வழியின் ஓரத்தில் நீர்த்தொட்டி ஒன்று இருக்கும். வழிபட வருவோர் அகப்பையால் நீர் மொண்டு முதலில் இடக்கையையும், பிறகு வலக்கையையும் கழுவுவர். இடக்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளிப்பர். இறுதியில் அகப்பையை நிமிர்த்தி அதன் காம்பில் நீர் வழிந்தோடச் செய்வர். அடுத்து வருபவர்க்காகக் காம்பையும் தூய்மை செய்து வைக்கும் அச்சிறு செயலில் அந்நெறியின் பண்பு புலப்படுகிறது. கோயிலின் முன் நின்று இருமுறை தாழ்ந்து வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குதல் பொதுவான முறை. நீண்ட ஓதுதல் எதுவும் அவர்க்கு விதிக்கப்படவில்லை.

கருவறையில் பெரும்பாலும் தெய்வ உருவச் சிலை இராது. கண்ணாடி, வாள், மணி போன்ற ஒரு பொருளில் தெய்வம் தங்குவதாகக் கொள்வர். அப்பொருளும் வழிபடுவோர் கண்ணுக்குப் புலப்படாதவாறு மூடியே வைக்கப்பட்டிருக்கும். நாரா மாநிலத்தில் உள்ள ஓமிவா கோயிலில் கருவறையே இல்லை. கோயிலின் பின்னே உயர்ந்து நிற்கும் மிவா மலைதான் அங்குத் தெய்வத்தின் உறைவிடம். மக்கள் முன்மண்டபத்தில் நின்று மலையையே தொழுகின்றனர். கோயிலைச் சூழ்ந்துள்ள தோப்பும் கட்டடத்தைப் போலவே தூயதாகக் கருதப்படுகிறது. முதிர்ந்த மரங்களின் அடியில் வைக்கோற் புரியைச் சுற்றி வெண்தாள்களைத் தொங்கவிடுவர். அம்மரத்தின்மேல் கோடரி படுதல் கூடாது என்பது அதன் பொருள்.

இசே கோயில்

ஷிந்தோ கோயில்களுள் தலைசிறந்தது இசே கோயிலாகும். அமதெராசு அங்கே வழிபடப்படுகிறாள். அக்கோயிலைக் காணச் செல்வோர் வானளாவிய கோபுரத்தையோ பொன் வேய்ந்த விமானத்தையோ காண இயலாது. வண்ணம் பூசப்படாத மரத்தால் ஆகி, புல்லால் கூரை வேயப்பெற்ற எளிய கட்டடமே அங்கு உள்ளது. அதன் தூண்கள் அடிக்கல் இன்றி நேரே மண்ணில் ஊன்றப்படுகின்றன. மழை மிகுந்த நாட்டில் இத்தகைய தூண்கள் நெடுநாள் நிற்கமாட்டா. இதனை ஜப்பானியர் அறியாதவர் அல்லர். ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய மரக்கட்டடங்களையும் எழுப்பியவர் அவர். எனினும் இசே கோயிலின் பழைய அமைப்பை அவர்கள் மாற்ற விரும்பவில்லை. அதற்கு ஈடாக வேறொரு வழியைக் கண்டனர். இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை கோயிலையே புதிதாகக் கட்டுவதுதான் அவ்வழி.

இதற்காக ஒரே அளவுள்ள இரண்டு மனைகள் அருகருகே உள்ளன. ஒன்றில் கோயில் நிற்கும். மற்றொன்று வெறுமையாக இருக்கும். உரிய காலம் வந்ததும் வெற்றிடத்தில் பழைய கோயிலைப் போலவே புதிய கோயிலை எழுப்புவர். நள்ளிருளில் நிகழும் விழாவில் தெய்வம் புதிய இல்லத்திற்கு எழுந்தருளும். இவ்வழக்கம் கி. பி. 690இல் ஜித்தோ என்னும் அரசியின் காலத்தில் தொடங்கியதாகக் கூறுவர். அறுபத்திரண்டாம் முறை 2013ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஒவ்வொரு முறையும் பதினாயிரத்திற்கும் மேற்பட்ட ஹினோக்கி மரத்துண்டுகள் வேண்டப்படுகின்றன. கட்டடம் மட்டுமேயன்றி, தெய்வத்திற்குரிய ஆடைகள், வாள்கள், அணிகள், கலங்கள் முதலிய ஏறத்தாழ 1,600 பொருள்களும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஊர்மக்கள் மரங்களை வடம் பிடித்து இழுத்து வருவர். ஆற்றில் பொறுக்கிய வெண்கற்களைத் துணியில் ஏந்தி வந்து கோயில் முற்றத்தில் பரப்புவர்.

இருபது ஆண்டுக் கால அளவில் ஒரு நன்மை உண்டு. இளமையில் முதற்பணியில் துணைவனாக இருந்த தச்சன், நடுவயதில் அடுத்த பணியைத் தானே ஏற்று நடத்துவான். முதுமையில் மூன்றாம் பணியின்போது இளையோர்க்குக் கற்பிப்பான். நெசவு, கொல்வேலை, அரக்குவேலை ஆகிய தொழில்களும் இவ்வாறே கைமாறி வருகின்றன. கட்டடம் முதுமை அடைகிறது. கட்டும் அறிவு முதுமை அடைவதில்லை. பிரித்த மரங்களும் வீணாவதில்லை. கருவறையின் பெருந்தூண்கள் அடுத்த இருபது ஆண்டுகள் உஜி பாலத்தின் இருமுனையிலும் தோரியாக நிற்கின்றன. அதன்பின் வேற்றூர்களுக்குச் சென்று தோரியாகின்றன. எஞ்சிய மரங்கள் நாடெங்கும் உள்ள கோயில்களுக்கு வழங்கப்படுகின்றன. 2011ஆம் ஆண்டில் நிலநடுக்கமும் கடற்கோளும் பாழாக்கிய வடகிழக்குப் பகுதிக் கோயில்கள் சிலவும் இம்மரங்களைப் பெற்றுப் புத்துயிர் பெற்றன.

வேண்டிய மரத்தைப் பெறுதற்கு 1923ஆம் ஆண்டில் இசே கோயிலார் ஒரு திட்டம் வகுத்தனர். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் பணிக்குரிய பெருமரங்களைத் தம் மலையிலேயே வளர்ப்பது அத்திட்டத்தின் நோக்கம். நடுவோர் எவரும் அம்மரங்கள் தூணாகி நிற்பதைக் காணப் போவதில்லை. அறிந்தே அவர்கள் நட்டனர்.

இத்தொடர்ச்சி ஒருமுறை அறுந்தும் போயிற்று. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் உள்நாட்டுப் போர்கள் மூண்டமையால் 120 ஆண்டுகளுக்கும் மேலாகக் கோயில் புதுப்பிக்கப்படவில்லை. அப்போது நாட்டின் பல பகுதிகளுக்கும் நடந்து சென்று மக்களிடம் பொருள் இரந்து பெற்றவர்கள் கெய்கோயின் என்னும் மடத்தைச் சேர்ந்த பெண் துறவியர் ஆவர். அவர்களுள் செய்ஜுன் என்பவரின் முயற்சியால் 1563இல் இசேயின் புறக்கோயில் புதிதாயிற்று. அவர்வழி வந்த ஷூயோ என்பவரின் முயற்சியால் 1585இல் அகக்கோயிலும் புறக்கோயிலும் புதுமை பெற்றன. இத்துறவியர் பௌத்த சமயத்தினர் என்பது கருதத்தக்கது.

இரு நெறிகளின் இணக்கம்

பௌத்தத் துறவியர் ஷிந்தோ கோயிலுக்காக இரந்தது அந்நாட்டில் எவர்க்கும் விந்தையாகத் தோன்றவில்லை. பௌத்தம் வந்த காலத்தில் தொடக்கத்தில் பூசல் நிகழ்ந்ததாயினும் விரைவில் இரு நெறிகளும் அடுத்தடுத்து வாழப் பழகின. எட்டாம் நூற்றாண்டில் நாரா நகரில் மாபெரும் புத்தர் சிலையை வார்த்தபோது, ஹச்சிமான் என்னும் ஷிந்தோ தெய்வம் அப்பணிக்குக் காவலாக வரவழைக்கப்பட்டது. இந்தியாவின் கலைமகளும் பௌத்தத்தின் வழியே அந்நாட்டை அடைந்து, பென்சைதென் என்னும் பெயருடன் வீணை போன்றதொரு யாழை ஏந்தி நீர்க்கரைகளில் கோயில் கொண்டாள்.

இன்றும் குழந்தை பிறந்து ஏறத்தாழ ஒரு திங்கள் ஆனதும் ஷிந்தோ கோயிலுக்கு எடுத்துச் செல்கின்றனர். ஆண் குழந்தைகள் மூன்று, ஐந்து வயதுகளிலும், பெண் குழந்தைகள் மூன்று, ஏழு வயதுகளிலும் நவம்பர் 15ஆம் நாளையொட்டி நல்லாடை உடுத்துக் கோயிலுக்கு வருகின்றனர். இறப்புச் சடங்குகளையோ பௌத்த முறைப்படி செய்கின்றனர். ஒரே வீட்டில் கமிக்கு ஒரு மாடமும் புத்தருக்கு ஒரு மாடமும் இருப்பதுண்டு.

விழாக்களும் வாழ்வும்

ஜப்பானியரின் அன்றாட வாழ்வில் ஷிந்தோ கலந்திருப்பதை விழாக்களில் காணலாம். விழாவின்போது தெய்வத்தைப் பல்லக்குப் போன்ற சிறுகோயிலில் எழுந்தருளச் செய்து இளைஞர்கள் தோளில் சுமந்து தெருக்களில் உலா வருவர். கியோத்தோவில் ஜூலைத் திங்கள் முழுவதும் நடைபெறும் கியோன் விழா, 869ஆம் ஆண்டில் பரவிய கொள்ளைநோய் நீங்க வேண்டி, நாட்டின் 66 மாநிலங்களைக் குறிக்க 66 ஈட்டிகளை நாட்டி வழிபட்டதிலிருந்து தோன்றியதாகும். ஜூன் இறுதியிலும் திசம்பர் இறுதியிலும் அரையாண்டு மாசினை நீக்கும் சடங்கு நிகழும். புத்தாண்டு பிறந்ததும் கோடிக்கணக்கான மக்கள் கோயில்களுக்குச் செல்கின்றனர்.

சுமோ என்னும் மற்போரும் தெய்வத்தின்முன் நிகழ்ந்த ஆட்டமே. மல்லர்கள் களத்தில் இறங்குமுன் உப்பை அள்ளி வீசி இடத்தைத் தூய்மை செய்வதும், களத்தின்மேல் கோயிற்கூரை போன்ற கூரை தொங்குவதும் அதன் பழமையை நினைவூட்டுவன. புதிதாக வீடு கட்டுவோரும், தொழிற்சாலை எழுப்புவோரும் கூட முதலில் பூசகரை அழைத்து நிலத்துத் தெய்வத்தின் இசைவைப் பெறுகின்றனர். நவம்பர் 23இல் பேரரசர் புதுநெல் அரிசியைத் தெய்வங்களுக்குப் படைத்துத் தாமும் உண்பார். 1948 முதல் அந்நாள் உழைப்புக்கு நன்றி கூறும் நாளாக நாடெங்கும் விடுமுறையுடன் கொண்டாடப்படுகிறது.

அரசின் பிடியில்

இவ்வாறு ஊர்தோறும் இயல்பாக வளர்ந்த நெறி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரியதொரு சோதனைக்கு உள்ளாயிற்று. 1868இல் ஆட்சியை ஏற்ற மெய்ஜி அரசு, பேரரசரின் தலைமையில் நாட்டை ஒன்றுபடுத்த விரும்பியது. பேரரசர் அமதெராசுவின் வழித்தோன்றல் என்னும் பழங்கதை அதற்குக் கருவியாயிற்று. ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணை பிறந்தது. ஆயிரம் ஆண்டுகளாக ஒரே வளாகத்தில் இருந்த இரண்டும் பிரிக்கப்பட்டன. பல இடங்களில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. பௌத்தக் கோயில்கள் அழிந்தன. ஷிந்தோ கோயில்கள் அரசின் நிறுவனங்களாயின. அவற்றில் வணங்குதல் சமயச் செயலன்று, குடிமக்களின் கடமை என்று அரசு கூறியது.

1906ஆம் ஆண்டில் அரசு மற்றோர் ஆணையைப் பிறப்பித்தது. சிற்றூர்களில் பல கோயில்கள் இருத்தல் வேண்டா. ஊராட்சி ஒன்றிற்குக் கோயில் ஒன்று போதும். ஏனையவற்றை அதனோடு சேர்த்துவிடலாம் என்பது அவ்வாணையின் கருத்து. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 70,000 கோயில்கள் மறைந்தன. கோயில் மறைந்ததும் தோப்பு விலைக்குப் போயிற்று. பல நூற்றாண்டுகள் நின்ற மரங்கள் வெட்டி விற்கப்பட்டன.

இதனை எதிர்த்து எழுந்தவருள் முதன்மையானவர் மினகதா குமகுசு. 1867இல் வகயாமாவில் பிறந்த அவர், அமெரிக்காவிலும் இலண்டனிலும் பல ஆண்டுகள் தங்கித் தாமே முயன்று கற்ற அறிஞர். ஈரமான மரப்பட்டைகளிலும் சருகுகளிலும் வாழும் சளிப்பூஞ்சை என்னும் நுண்ணுயிர்களை ஆராய்வதில் வல்லவர். தாய்நாடு திரும்பித் தனபே என்னும் கடற்கரையூரில் வாழ்ந்த அவர், தாம் ஆராய்ந்த தோப்புகள் ஒவ்வொன்றாய் வீழ்வதைக் கண்டார். தோப்பு அழிந்தால் பறவைகள் நீங்கும். பறவைகள் நீங்கினால் பயிரை உண்ணும் பூச்சிகள் பெருகும். கடற்கரை நிழல் அழிந்தால் மீன்கள் அணுகமாட்டா. ஊர்மக்கள் ஒன்றுகூடும் இடமும் இல்லாது போகும் என்று இடைவிடாது எழுதினார். உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் முறையை ஆராயும் அறிவியலின் பெயரையே அவர் 1911இல் தம் கடிதங்களில் எடுத்தாண்டார். கோயில்களை இணைக்க முற்பட்ட அலுவலரைக் காணச் சென்று கூட்டத்தில் கலகம் விளைத்ததாக 1910இல் சிறைப்பட்டுப் பதினெட்டு நாள் அங்கே இருந்தார். சிறையிலும் சளிப்பூஞ்சை ஒன்றைக் கண்டெடுத்து மகிழ்ந்தார் என்பர்.

அவர் முயற்சி வீண்போகவில்லை. கோயில்களை இணைப்பதால் பயனில்லை என்று 1920இல் நாடாளுமன்றத்தின் மேலவை தீர்மானித்தது. தனபே விரிகுடாவில் உள்ள கஷிமா என்னும் சிறுதீவின் காடு அழியாது காக்கப்பட்டது. 1929ஆம் ஆண்டில் உயிரியல் ஆர்வம் மிக்க பேரரசர் ஹிரோஹித்தோ அத்தீவைக் காண வந்தார். குமகுசு தாம் திரட்டிய 110 சளிப்பூஞ்சைகளை மிட்டாய்ப் பெட்டிகளில் வைத்து அவருக்கு வழங்கினார். ஒருகாலத்தில் சிறைப்பட்டவர் அன்று பேரரசருக்கு அறிவு புகட்டும் ஆசிரியராக நின்றார்.

ஆயினும் அரசின் பிடி தளரவில்லை. போர் நெருங்க நெருங்க ஷிந்தோ படையெடுப்புக்குத் துணையாக்கப்பட்டது. போரில் இறந்தோரைத் தெய்வங்களாக வணங்கும் யாசுகுனி கோயில் நாட்டுப்பற்றின் சின்னமாக உயர்த்தப்பட்டது. ஜப்பான் கைப்பற்றி ஆண்ட கொரியாவிலும் கோயில்கள் எழுப்பப்பட்டன. அந்நாட்டு மக்கள் அவற்றை வணங்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். மறுத்த கிறித்தவர் பலர் சிறை புகுந்தனர். கதவில்லாத வாயிலைக் கொண்ட ஒரு நெறி அக்காலத்தில் கட்டாயமாகிப் பலருக்குத் துன்பம் தந்தது.

1945இல் ஜப்பான் தோற்றது. அவ்வாண்டு திசம்பர் 15இல் நேசநாடுகளின் ஆணையால் ஷிந்தோவுக்கும் அரசுக்கும் இருந்த தொடர்பு அறுக்கப்பட்டது. 1946 சனவரி முதல் நாளில், தாம் கண்ணெதிரே தோன்றிய தெய்வம் என்னும் எண்ணம் பொய்யானது எனப் பேரரசர் அறிவித்தார். 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு எல்லாச் சமயங்களுக்கும் உரிமை அளித்து, அரசு எந்தச் சமயத்தையும் சாராது என விதித்தது. யாசுகுனி கோயிலில் 1978இல் போர்க்குற்றவாளிகள் பதினால்வரும் சேர்த்து வணங்கப்பட்டனர். அதனால் எழுந்த மனக்கசப்பு சீனாவிலும் கொரியாவிலும் இன்னும் தீரவில்லை.

அரசின் பொருளுதவி நின்றபோது இசே கோயிலின் பணி என்னவாயிற்று? 1949இல் நிகழவேண்டிய புதுப்பிப்பை நடத்த வழியில்லை. அவ்வாண்டில் உஜி பாலம் மட்டும் புதிதாகக் கட்டப்பட்டது. பசியும் வறுமையும் சூழ்ந்த காலத்திலும் மக்கள் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். நான்கு ஆண்டுகள் தாழ்த்து, 1953இல் புதிய கோயில் எழுந்தது.

தோப்பு தரும் பாடம்

தோக்கியோ நகரின் நடுவே மெய்ஜி கோயிலைச் சூழ்ந்து ஏறத்தாழ எழுபது எக்டேர் பரப்பில் ஒரு காடு உள்ளது. அது தானே தோன்றிய காடன்று. 1920இல் கோயில் எழுந்தபோது நாடெங்கிலுமிருந்து மக்கள் அனுப்பிய சுமார் ஒரு இலட்சம் மரங்களைக் கொண்டு ஆக்கியது. உயர்ந்த ஊசியிலை மரங்களையே நடவேண்டும் என்று தலைமையமைச்சர் ஒகுமா வற்புறுத்தினார். அம்மண்ணிலும் நகரப் புகையிலும் அவை வாழமாட்டா என்று ஹோந்தா செய்ரோக்கு முதலிய காட்டியல் அறிஞர்கள் எடுத்துக்காட்டி, அந்நிலத்திற்கு இயல்பான, என்றும் பசுமை மாறாத மரங்களைத் தேர்ந்தெடுத்தனர். நூறாண்டுக்குப் பின் மனிதர் துணையின்றித் தானே வளரும் காடாக அது மாறவேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. அக்கணிப்பு பொய்க்கவில்லை. அண்மையில் ஆராய்ந்தபோது ஏறத்தாழ 3,000 வகை உயிர்கள் அங்கு வாழ்வது தெரியவந்தது. பாதையில் உதிரும் இலைகளைப் பெருக்குவோர் அவற்றை எரிப்பதில்லை. மீண்டும் மரங்களின் அடியிலேயே சேர்க்கின்றனர்.

அகிரா மியாவாக்கி என்னும் தாவரவியல் அறிஞர் (1928–2021) ஊர்க் கோயில்களின் தோப்புகளை ஆராய்ந்து, ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய பழைய மரங்கள் அத்தோப்புகளில்தான் எஞ்சியுள்ளன எனக் கண்டார். அம்மரங்களை நெருக்கமாக நட்டுக் குறுகிய காலத்தில் காடு வளர்க்கும் முறையை வகுத்தார். அவர் பெயரால் வழங்கும் அம்முறையில் இன்று சென்னை மாநகரிலும் சிறு காடுகள் வளர்க்கப்படுகின்றன. தெய்வத்திற்கு அஞ்சி எவரோ வெட்டாமல் விட்ட மரங்கள், கடல் கடந்த நகரங்களுக்கும் நிழல் தர உதவுகின்றன.

இன்று ஜப்பானில் ஏறத்தாழ 80,000 ஷிந்தோ கோயில்கள் உள்ளன. மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்வதால் சிற்றூர்க் கோயில்கள் பலவற்றிற்குப் பூசகர் இல்லை. விழாவில் தெய்வத்தைத் தோளில் சுமக்க இளைஞரும் இல்லை. ஒரு பூசகரே பல கோயில்களைக் காத்துவரும் நிலை உள்ளது. வாளுக்கும் ஆணைக்கும் தப்பிய நெறி இப்போது ஆளில்லாமையை எதிர்நோக்கி நிற்கிறது.

நிறுவியவரும் நூலும் இல்லாத நெறி நிலைத்திருப்பது எவ்வாறு என்னும் வினாவிற்கு இசேயின் தச்சரும், இரந்து திரிந்த துறவியரும், தோப்பைக் காக்கச் சிறை சென்ற அறிஞரும் விடையாகின்றனர். ஷிந்தோ, ஓதும் சொல்லைவிடச் செய்யும் செயலையே பெரிதும் நம்பி வாழும் நெறி. நீர்த்தொட்டியைத் தூய்மை செய்வதும், மரம் நடுவதும், பழையதைப் போலவே புதியதைக் கட்டுவதும் ஒவ்வொரு தலைமுறையும் தன் கையால் செய்ய வேண்டியவை. ஒரு தலைமுறை கைவிட்டால் தூண் மண்ணோடு மண்ணாகும். அடுத்த தலைமுறை கை கொடுத்தால் அதே இடத்தில் புதிய மரத்தின் மணம் வீசும். இசே கோயிலின் அடுத்த புதுப்பிப்பு 2033ஆம் ஆண்டில் நிகழவுள்ளது. அதற்குரிய மரங்களை அந்நாட்டு மக்கள் இப்போதே வெட்டிக் கொணர்ந்து பணியைத் தொடங்கிவிட்டனர்.